கோழி தின்ற கையில் கட்டிய காப்பு

புதிதாகக் கிளப்புகளில் ஜெர்சி அறைச் சாவியை வாங்கியிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வணக்கம். தங்கச்சிகள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

ஓய்வு பெற்றவன் பேசுகிறேன் என்றதும் நரைத்த தலையைத் தேட வேண்டாம். எனக்கு முப்பத்து மூன்று வயதுதான். பன்னிரண்டு ஆண்டு குளுவாங்கில் ஒரு கால்பந்துக் கிளப்பில் ஜெர்சி, சாக்ஸ், பூட்ஸ் எல்லாம் பார்த்துக்கொண்டேன். பிறகு கல்யாணம் ஆனது. மாமனாருக்குத் தங்காக்கில் ஜவுளிக்கடை. "மாப்பிள்ள என்ன வேலைன்னு கேக்குறாங்க, பதினோரு பேரு ஜட்டிய மடிக்கிறாருன்னா சொல்ல முடியும்?" என்றார் அவர். இப்போது அவர் கடையில் சேலை மடிக்கிறேன். சேலைக்கு வியர்க்காது, அது ஒரு வசதி. ஆனால் எந்தச் சேலையும் கோல் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்ததில்லை.

துவைப்பது எப்படி, நம்பர் ஒட்டுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. துவைக்கும் மெஷினிலேயே எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? மெஷினில் எழுதாத ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்காரன் சட்டையோடு சாமியையும் போட்டுக்கொண்டு வருவான். சட்டைக்கு லீக்கில் சட்டம் இருக்கிறது. சாமிக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் உங்களைத்தான் நிறுத்துவார்கள்.

லீக்கின் உடை விதி என்று ஒரு தாள்கட்டு கொடுப்பார்கள். பதினோரு பக்கம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மோதிரம் கூடாது, சங்கிலி கூடாது, கயிறு கூடாது, கழற்ற முடியவில்லை என்று மேலே பிளாஸ்டர் சுற்றி ஏமாற்றக் கூடாது, உள்பனியனில் எதையும் எழுதக் கூடாது. மீதிப் பத்துப் பக்கமும் இதையே கோபமாகச் சொல்கிறது.

உள்பனியன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஜோசப், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஒரு நாள் என்னிடம் மார்க்கர் பேனா கேட்டான். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன், அதுதான் என் தப்பு. கோல் அடித்தான், சட்டையைக் கழற்றினான், பனியனில் தமிழில் கொட்டை எழுத்தில் "ஆண்டவருக்கே நன்றி". ரெஃப்ரி மஞ்சள் கார்டை நீட்டினார். ஜோசப் விடவில்லை. "ரெஃப், தமிழ்ல எழுதியிருக்கு. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, அப்புறம் எப்படித் தப்பு?" ரெஃப்ரி மலாயில் அமைதியாகச் சொன்னார்: "அதான் பயமா இருக்கு. சாமிய எழுதியிருக்கியா, என்னைய எழுதியிருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து மார்க்கர் பேனா என் ஜட்டிப்பையில் இருந்தது. அங்கே யாரும் கை விடமாட்டார்கள்.

கழற்றிய சாமான்களுக்கு நான் தூண்டில்காரர்கள் வைத்திருப்பார்களே, அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி, அப்படி ஒன்று வாங்கினேன். முதலில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்ததால் பெரிய ரகளை ஆகிவிட்டது. ஜோசப்பின் ஜெபமாலையும் நடுக்கள ஆட்டக்காரனின் சிவப்புக் கயிறும் ஒன்றோடு ஒன்று சிக்கி, பிரிக்க அரை மணி நேரம் ஆனது. பின்வரிசை ஃபாரிஸ், "என் தாத்தா மோதிரம் பூட்ஸ் பக்கத்துலயா இருந்திச்சி?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதனால் பெட்டி. ஆளுக்கொரு அறை. தரையில் வைக்கக் கூடாது, பூட்ஸ் பக்கம் போகக் கூடாது, ஆட்டம் முடியும்வரை என் மடியில்தான். எல்லாச் சாமியும் என் மடியில் உட்கார்ந்து தொண்ணூறு நிமிடம் பந்து பார்த்தன. சண்டை வந்ததில்லை.

அந்தப் பெட்டி இருக்கும்வரை எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சரவணன் மஞ்சள் கையோடு வந்தான்.

சரவணன் எங்கள் கோல்கீப்பர். ரெங்கம் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன், கை இரண்டும் முறம் மாதிரி இருக்கும். அதற்கு முந்தின ஆண்டு முட்டியில் நரம்பு அறுந்து அறுவைச் சிகிச்சை. இனிமேல் விளையாட்டை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மாரியம்மனிடம் போய், மறுபடி கோல்கம்பத்துக்கு நடுவே நிற்க வைத்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். எட்டு மாதம் கழித்து நின்றான். அப்புறம் எப்படி அவன் பேச்சு மாறுவான்?

தீமிதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பதினைந்து நாள் முன்னால் காப்புக் கட்டியிருந்தார்கள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. கட்டிவிட்டால் தீ மிதித்து முடியும்வரை கழற்றக் கூடாது. கறி மீன் கிடையாது, இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். பயிற்சிக்கு அவன் அப்படியேதான் வந்தான். பயிற்சியில் யார் பார்க்கிறார்கள்?

சிக்கல் சனிக்கிழமை. பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில், நாலு மணிக்கு. சமன் செய்தால் லீக்கில் இருப்போம். தோற்றால் கீழே இறங்குவோம், கீழே இறங்கினால் சம்பள ஒப்பந்தமெல்லாம் காற்றில் போய்விடும். இரண்டாவது கீப்பருக்கு வியாழக்கிழமைதான் விரல் உடைந்திருந்தது. ஆக, ஒரே கீப்பர், அவன் கையில் ஒரு கயிறு.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டியவன் யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். நான் என்ன யோசித்திருந்தேன் தெரியுமா? ஒரு சைஸ் பெரிய கையுறை. மணிக்கட்டுப் பட்டையை ஏற்றிக் கட்டினால் கயிறு உள்ளே போய்விடும். பெரிய விஞ்ஞானி என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன். அந்தப் பெருமையில் அவனுக்குப் புது பூட்ஸும் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான்காவது நடுவராக வந்தவர் ஒரு மலாய்க்காரர். பள்ளிக்கூட ஆசிரியராம், எல்லோரும் சேகு என்றார்கள். ஆட்டத்துக்கு முன் உடையைச் சோதிப்பதும், ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருக்கும் எங்களை மேய்ப்பதும் அவர் வேலை. ஒல்லியாக, மீசை கத்தரித்து, சிரிக்கவே தெரியாதவர் மாதிரி இருந்தார். வரிசையாகக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் சரவணன் முன் நின்று, "சாருங் தாங்கான், புக்கா" என்றார். கையுறையைக் கழற்று.

கழற்றினான். மஞ்சள் கிழங்கு அவரைப் பார்த்தது. அவர் மஞ்சள் கிழங்கைப் பார்த்தார்.

"கயிறு கூடாது," என்றார் மலாயில்.

"கழட்ட முடியாது சேகு. சாமி விஷயம்."

"சட்டத்தில் சாமி விஷயம் என்று இல்லை. கயிறு என்றுதான் இருக்கிறது." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினைந்து நிமிடம் இருக்கிறது. நான் இங்கேயே நிற்கிறேன்."

கதவருகே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். கோச் ஒரு சீனர், நல்ல மனிதர், ஆனால் அந்த நேரத்தில் முகம் சீன வெடி மாதிரி ஆகிவிட்டது. என்னைத் தனியே இழுத்து, "நீதானே எல்லாம் ஓகே பாஸ் ஓகே பாஸ்னு சொன்னே. ஃபாரிஸ கோல்ல நிறுத்தவா?" என்றார். ஃபாரிஸ் ஐந்தடி இரண்டு அங்குலம். பந்து அவன் தலைக்கு மேலே கோலாகும், அவனுக்கு அடுத்த நாள் பேப்பரில்தான் தெரியும்.

சரவணன் பெஞ்சில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெளையாட வெச்சதே இந்த ஆத்தாதான்டா மணி. இத அவுத்துட்டு வெளையாடினா நான் மனுசனா?" என்றான். அவன் சத்தம் போட்டிருந்தால் கிண்டல் செய்திருப்பேன். மெதுவாகச் சொன்னான்.

கத்தரிக்கோலை எடுத்த பிசியோவை நான் தள்ளிவிட்டேன். இது என் அறிவில் பட்ட முதல் நல்ல காரியம்: நமக்குத் தெரியாத முடிச்சில் கை வைக்கக் கூடாது, கட்டினவரைக் கேட்க வேண்டும். கோயில் பூசாரிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டேன். மற்ற நாட்களில் அவர் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பூக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார் போல, போனில் முதலில் ஒரு காதும் கொஞ்சம் விறகும்தான் தெரிந்தன.

"யாருடா அது?"

"சாமி, சரவணனோட டீம்லேர்ந்து மணி பேசுறேன். காப்போட வெளையாட விடமாட்டேங்குறாங்க. ரூலாம்."

"அறுத்துப்புட்டீங்களா?"

"இல்ல சாமி."

"அறுத்தீங்க, நான் அங்க வந்து உங்க கோல்கம்பத்த அறுப்பேன்." கொஞ்ச நேரம் விறகு மட்டும் தெரிந்தது. பிறகு முழு முகமும் வந்தது. "எத்தன மணிக்கு ஆட்டம் முடியும்?"

"ஆறு சாமி."

"சரி கேளு. முடிச்ச அவுக்கலாம், அறுக்கக் கூடாது. தரையில வெக்கக் கூடாது, பெட்டியில போடக் கூடாது. வெரதமா இருக்கிற இன்னொரு கையில கட்டு. அது கையிலயே இருக்கட்டும். ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா இங்க வரணும், இருட்டுறதுக்குள்ள. நான் திரும்பக் கட்டி விடுறேன். அங்க சுத்தமா இருக்கிறவன் யாரு?"

அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஜோசப் மத்தியானம் மட்டன் சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு இது என்னவென்றே புரியவில்லை. சரவணன் என்னைப் பார்த்தான். "டேய், நீ?"

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்று காலை பஸ் நிலையத்துப் பக்கம் நாசி லெமாக் கடையில் நான் இரண்டு துண்டு கோழி தின்றிருந்தேன். பொரித்தது. எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எட்டு நிமிடம் இருந்தது. கதவருகே சேகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சனிக்கிழமை சைவம்," என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. நான் அந்தச் சமயம் வேறு எங்கோ இருந்தேன்.

"ஆமாவா? எப்பலேர்ந்துடா?" என்றான் சரவணன்.

"ரொம்ப நாளா. சொல்லிக்கிறதில்ல."

பூசாரி போனில் மந்திரம் சொல்ல, சரவணன் பல்லால் கடித்து முடிச்சை இளக்க, காப்பு என் வலது கைக்கு வந்தது. சேகு அருகில் வந்து சரவணனின் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். தலையசைத்தார். என் கையை ஒரு பார்வை பார்த்தார். கோச் என் முதுகில் தட்டினார். "மணி, யூ ஜீனியஸ்."

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம், ஒரு சாதாரணப் பந்து. என் பாட்டி கூட, காலமாகிவிட்டார், அவர்கூடப் பிடித்திருப்பார். சரவணனின் காலுக்கு நடுவே புகுந்து போனது. ஒன்று பூஜ்யம். முப்பதாவது நிமிடம், எங்கள் ஃபாரிஸே தலையால் முட்டி எங்கள் கோலுக்குள் போட்டான். இரண்டு பூஜ்யம்.

நான் மடியில் பெட்டியும் கையில் காப்புமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு துண்டு, இரண்டு கோல். நல்லவேளை, கடைக்கார அக்கா மூன்றாவது துண்டு நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

இடைவேளையில் எல்லோரும் உள்ளே போனார்கள். நான் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சேகு என் பக்கத்தில் வந்து நின்றார். மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, சுத்தமான எஸ்டேட்டுத் தமிழில் சொன்னார்:

"தம்பி, காலையில தொடை ஒண்ணு, நெஞ்சு ஒண்ணு. சரிதானே?"

பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நான் ஒனக்குப் பின்னாலதான் லைன்ல நின்னேன். நீ வாங்கினதுக்கப்புறம் தொடை தீந்துபோச்சி. நான் றெக்கதான் தின்னேன்."

"சேகு, தமிழ்..."

"எங்கப்பா எஸ்டேட்டுல கிராணி, கணக்கெழுதுறவரு. எங்க லயத்துல நாங்க மட்டும்தான் மலாய்க்காரங்க. தீமிதிக்குக் கொட்டு அடிச்சவன்டா நான்." விசிலைச் சட்டையில் துடைத்தார். "அவன் கைய நான் செக் பண்ணிட்டேன். என் வேலை முடிஞ்சிச்சி. ஒன் கைய யாரு செக் பண்றது?"

போய்விட்டார். அவர் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பன்னிரண்டு ஆண்டில் எத்தனையோ பேர் எனக்குப் பாடம் எடுத்தார்கள், எல்லோரும் கத்திக்கொண்டுதான் எடுத்தார்கள். கத்தாமல் எடுத்தவர் இவர் ஒருவர்தான், அதனால்தான் தூக்கம் கெட்டது.

என்ன செய்வது? சரவணனிடம் இப்போதே சொன்னால் அவன் இரண்டாம் பாதி விளையாடமாட்டான். சொல்லாமல் இருந்தால் அவன் பதினைந்து நாள் விரதத்தை நான் கையில் வைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து யோசித்து, பூசாரியிடமாவது சொல்லிவிடுவது என்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் போன் போட்டேன். பிறகு, கையில் காப்போடு கழிவறையிலா என்று பதறி வெளியே ஓடி வந்தேன். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"சாமி, ஒரு சின்ன விஷயம். நான் காலையில கோழி தின்னேன்."

விறகு விழும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ?"

"ரெண்டு துண்டு."

"சின்ன விஷயமா அது?" என்று ஆரம்பித்தவர் ஒரு நிமிடம் என்னைத் திட்டினார். லாரிக்காரர் இல்லையா, சொற்களுக்குப் பஞ்சமில்லை. மூச்சு வாங்கிவிட்டு, "இப்ப கண்ட கையில மாத்தாத, அது இன்னும் மோசம். போய்த் தலைக்குத் தண்ணி ஊத்து. மஞ்சத் துணி உடுத்து. ஆட்டம் முடியிற வரைக்கும் ஆத்தா பேர மட்டும் சொல்லு, வேற வாயத் தொறக்காத. அவன்கிட்ட நீயே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லாம நான் காப்பத் திரும்பக் கட்ட மாட்டேன்" என்றார்.

புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயைத் தலையில் பிடித்தேன். மஞ்சள் துணிக்கு எங்கே போவது? பயிற்சிக்கு மேலே போடும் மஞ்சள் கையில்லாச் சட்டை ஒன்று கிடைத்தது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், சொட்டுச் சொட்டாக வடிய. கோச் என்னைப் பார்த்தார், ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு விஷயத்தை நான் மறந்துவிட்டேன். எதிரணிச் சட்டை மஞ்சள்.

இரண்டாம் பாதி தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சேகு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி, "பெஞ்சில் இருப்பவர்கள் இரு அணியின் நிறத்திலும் உடுத்தக் கூடாது. ஏழாம் பக்கம். மாற்று, அல்லது வெளியே போ" என்றார்.

மாற்ற முடியாது, மஞ்சள்தான் உடுத்த வேண்டும். வாயைத் திறக்கவும் முடியாது, ஆத்தா பெயரைத் தவிர. அதனால் நான் அவரைப் பார்த்துக் கைகூப்பி, "மாரியாத்தா" என்றேன்.

"தெரியும்," என்றார் அவர் தமிழில், மெதுவாக. "போ. கோலுக்குப் பின்னால நின்னுக்க. அங்க எனக்கு ரூல் இல்ல."

பெட்டியைப் பிசியோவின் மடியில் வைத்துவிட்டு, பன்னிரண்டு ஆண்டில் முதல் தடவையாக உடை விதியை மீறியதற்காக வெளியேற்றப்பட்டேன். பன்னிரண்டு ஆண்டாக அந்த விதியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவன்.

சரவணனின் கோலுக்குப் பின்னால், வேலிக்கு இந்தப் பக்கம், கடலை விற்கும் அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு அருகில் நின்றேன். சரவணன் திரும்பி என்னைப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, மஞ்சள் சட்டை, கையில் காப்பு, உதடு அசைந்துகொண்டிருக்கிறது. அவன் முகம் மாறியது. தனக்காக ஒருவன் குளித்து முழுகி நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டான். பிறகு காரில் அவனே அப்படிச் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்குக் கோழி தின்றதைவிட அதிகமாக வலித்தது.

அதன்பிறகு அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. ஜோசப் ஒன்று போட்டான், பனியன் வெள்ளையாகவே இருந்தது. எழுபத்தைந்தாவது நிமிடம் எதிரணி ஆளின் காலில் பட்டே இன்னொன்று உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம் அவர்களுக்குக் கார்னர். அதில் என்ன நடந்தது என்று பலர் பல மாதிரி சொல்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சத்தம் வந்தது.

"அண்ணே, உள்ளயா வெளியயா?" என்றேன், மாரியாத்தாவை மறந்து.

"அவன் நெஞ்சுல கட்டிப் புடிச்சிட்டான்டா. கண்ணத் தொற, கடலைய மிதிக்கிற," என்றார் அந்த அண்ணன்.

லீக்கில் இருந்தோம்.

கொண்டாட நேரமில்லை. சரவணனை ஜெர்சியோடு என் பழைய காரில் ஏற்றி ரெங்கத்துக்கு விட்டேன். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். "உன்ன என்னமோ நெனச்சேன்டா மணி. சனிக்கிழமை சைவம், வெளிய சொல்றதில்ல. தண்ணி ஊத்திக்கிட்டு வந்து நின்ன பாரு, அப்பவே எனக்குத் தெம்பு வந்திச்சி." நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லாரிகளை எண்ணினேன். ஒன்பது லாரி. சொல்ல நல்ல இடம் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் வந்தது, ஒவ்வொன்றையும் முந்திப் போய்விட்டேன்.

கோயிலில் பூசாரி கைகால் கழுவி, தட்டில் கற்பூரத்தோடு தயாராக இருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. சரவணன் கையை நீட்டினான். பூசாரி கட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்றா."

சொன்னேன். கோயில் வாசலில் ஒரு கிண்டலும் இல்லாமல் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்: "சரவணா, நான் சைவம் இல்ல, காலையில கோழி தின்னுட்டுத்தான் உன் காப்பக் கட்டிக்கிட்டேன்."

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"எத்தன துண்டு?"

"ரெண்டு."

"எந்தத் துண்டு?"

"தொடை ஒண்ணு. நெஞ்சு ஒண்ணு."

"நான் பதினஞ்சு நாளா தயிர்ச்சோறு. ஊறுகா." அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ தொடை."

"மன்னிச்சிருடா."

"ரெண்டு கோலு விட்டேன்."

"தெரியும். நானும் எண்ணினேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அந்தக் கை பட்டால் நான் தங்காக்கில் போய்த்தான் விழுவேன். அவன் பூசாரியைப் பார்த்து, "சாமி, நாளைக்கு நான் எறங்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றான். அப்போதுதான் எனக்கு அவனுடைய பயம் புரிந்தது. கோபமே இல்லை அது. எட்டு மாதம் நடக்கப் பழகியவன், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்று நிற்கிறான்.

பூசாரி யோசித்தார். "உன் வெரதம் உன் வயித்துல இருக்கு. அவன் கையில இல்ல. நீ எறங்கு." மந்திரம் சொல்லிக் காப்பைத் திரும்பக் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ நாளைக்குக் காலையிலேர்ந்து பச்சத்தண்ணிதான். பால்குழிக்கிட்ட நின்னு வாளி தூக்கணும். எறங்கலாம்னு கனவு காணாத. நீ எறங்கினா ஊரெல்லாம் பொரிச்ச வாசம் வரும்."

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நான், நெருப்பைத் தாண்டியவர்கள் கால் நனைக்கும் பால்குழி ஓரத்தில் வாளியோடு நின்றேன். பசியில் காது அடைத்தது. பூக்குழி கனன்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் அம்மனைப் பார்த்தார்கள். நான் சரவணனின் காலைப் பார்த்தேன். எல்லோரும் என்னை முட்டாள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவன் கால் சுட்டால் அது தீயின் குற்றம் ஆகாது, என் வயிற்றின் குற்றம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் இறங்கினான். ஓடவில்லை. முட்டி ஒரு தடவைகூடத் தளரவில்லை. கடைசி அடி பால்குழியில் விழுந்ததும் நான் வாளியைப் போட்டுவிட்டு மண்டியிட்டேன்.

"எடது கால தூக்கு."

"என்னாடா பண்ற, எல்லாரும் பாக்குறாங்க."

"தூக்குடா."

தூக்கினான். உள்ளங்காலைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வலது காலையும் தூக்கச் சொன்னேன். குதிகாலுக்கு மேலே, வெள்ளைக் காசு மாதிரி, ஒரு கொப்புளம்.

எனக்கு உலகம் நின்றுபோனது. "சரவணா," என்றேன், "சுட்டிருச்சிடா. என்னாலதான்டா."

அவன் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குனிந்து பார்த்தான். பிறகு பால் தெறிக்கச் சிரித்தான்.

"அலமாக். இது நேத்து வந்தது, முட்டாள். நீ கொடுத்த பூட்ஸ் கடிச்சது."

பூசாரி வந்து அவன் காப்பை அவிழ்த்தார். மஞ்சள் கிழங்கு தட்டில் விழுந்தது. நான் இன்னும் மண்டியிட்டபடி அந்தக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பிகளா. நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் ஒரு சைஸ் சின்ன பூட்ஸ் கொடுத்திருந்தேன்.